பெல்கிரேடு வியன்னாவின் கையில் இருந்த 21 ஆண்டுகள்

ஐரோப்பாவின் பழைய வரைபடங்களை வரிசையாகப் பார்த்தால், 1718இல் முளைத்து 1739இல் மறைந்துபோகும் ஒரு நிலப்பகுதி கண்ணில் படும். அதன் பெயர் செர்பிய முடியாட்சி. பெயர்தான் முடியாட்சி, தனக்கென்று மன்னர் கிடையாது, நாடாளுமன்றம் கிடையாது, சொந்தப் படைத்தலைமையும் கிடையாது. வியன்னாவிலிருந்து ஆஸ்திரியாவை ஆண்ட ஹப்ஸ்பர்க் பேரரசர் ஆறாம் சார்லஸின் நீண்ட பட்டவரிசையில் 'செர்பியாவின் மன்னர்' என்பதும் ஒன்று. ஹங்கேரிய மன்னர்கள் 1202இலிருந்தே அந்தப் பட்டத்தைச் சூடிவந்தார்கள். ஹங்கேரியின் முடி ஹப்ஸ்பர்க் குடும்பத்துக்கு வந்தபோது பட்டமும் கூடவே வந்தது. நிலம் கைக்கு வந்ததும் அந்தப் பழைய பட்டத்தையே புதிய மாகாணத்துக்குப் பெயராக வைத்துவிட்டார்கள். நடைமுறையில் அது பேரரசின் ஓர் எல்லை மாகாணம். பெல்கிரேடில் இருந்த இராணுவ ஆளுநர் ஒருவர் அதை ஆண்டார்.

தொடக்கநிலை வாசகர்களுக்கு ஓர் எச்சரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். 1882இல் மிலான் ஒப்ரெனோவிச் முடிசூடியபோது உருவான செர்பிய முடியாட்சி வேறு. அது சுதந்திர நாடு. 1849 முதல் 1860 வரை இருந்த 'செர்பிய வொய்வோடினா மற்றும் தெமஷ் பனாட்' என்ற ஆஸ்திரிய மாகாணமும் வேறு. அது பெரும்பாலும் டான்யூப் ஆற்றுக்கு வடக்கே இருந்தது. நாம் பேசப்போவது டான்யூப், சாவா ஆறுகளுக்குத் தெற்கே, பெல்கிரேடைத் தலைமையிடமாகக் கொண்டு 21 ஆண்டுகள் மட்டும் இருந்த மாகாணத்தைப் பற்றி. பாடநூல்களில் இதற்கு ஒரு பத்தி கிடைத்தாலே அதிகம். ஆனால் ஒரு பேரரசு புதிதாகப் பிடித்த நிலத்தை எப்படிக் கையாண்டது, அங்கிருந்த மக்கள் அந்த ஆட்சிக்குள் தங்களுக்கென்று எதைத் தேடிக்கொண்டார்கள் என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் எடுத்துக்காட்டுகள் அதிகம் இல்லை.

இரண்டு பேரரசுகளுக்கு நடுவே

இடைக்காலச் செர்பிய அரசின் கடைசித் தலைநகரான ஸ்மெதெரெவோ 1459இல் உஸ்மானியத் துருக்கியரிடம் வீழ்ந்தது. அப்போது ஹங்கேரியின் கையில் இருந்த பெல்கிரேடை 1521இல் சுல்தான் சுலைமான் பிடித்தார். அதன்பின் ஒன்றரை நூற்றாண்டுக் காலம் இந்தப் பகுதி உஸ்மானியப் பேரரசின் உள்நாடு. போர்முனை வடக்கே வெகுதூரத்தில், ஹங்கேரியில் இருந்தது.

1683இல் துருக்கியர் வியன்னாவை முற்றுகையிட்டுத் தோற்றதும் நிலைமை தலைகீழானது. ஆஸ்திரியப் படைகள் தெற்கு நோக்கி இறங்கி 1688இல் பெல்கிரேடைப் பிடித்தன. இரண்டே ஆண்டில் இழக்கவும் செய்தன. செர்பியர்களின் நினைவில் ஆழமாகப் பதிந்தது அந்தப் பின்வாங்கல்தான். ஆஸ்திரியாவை நம்பிக் கிளர்ந்தெழுந்த மக்கள் துருக்கியரின் பழிவாங்கலுக்கு அஞ்சி, 1690இல் பிதாமகர் (செர்பியத் திருச்சபையின் தலைவர்) மூன்றாம் ஆர்செனியேயின் தலைமையில் ஆறுகளைக் கடந்து ஹங்கேரிப் பகுதிக்குள் குடியேறினார்கள். 'பெரும் குடிபெயர்வு' என்று அதைச் சொல்வார்கள். அங்கே போய்ச் சேர்ந்தவர்களுக்குப் பேரரசர் லியோபோல்ட் சமய உரிமைகளையும் சில சலுகைகளையும் எழுத்தில் கொடுத்தார். ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களான செர்பியர்கள் ஒரு கத்தோலிக்கப் பேரரசுக்குள் தங்கள் திருச்சபையோடு வாழ்வதற்கு அந்தச் சலுகைகளே ஆதாரம். பின்னால் நடந்த இழுபறிகளைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை ஹங்கேரியின் பெரும்பகுதியை ஹப்ஸ்பர்க் வசம் சேர்த்தது. பெல்கிரேடும் அதற்கு வடகிழக்கே உள்ள பனாட் பகுதியும் துருக்கியரிடமே இருந்தன.

பனிமூட்டத்தில் கிடைத்த நகரம்

1714இல் துருக்கியர் வெனிஸ் குடியரசோடு போரில் இறங்கினார்கள். வெனிஸுக்கு ஆதரவாக 1716இல் ஆஸ்திரியாவும் களத்தில் குதித்தது. படைத்தலைவர் சவோய் இளவரசர் யூஜின். பாரிஸில் பிறந்தவர், பிரெஞ்சு மன்னர் பதினான்காம் லூயி தம் படையில் இடம் தர மறுத்ததால் வியன்னாவுக்கு வந்து, அக்கால ஐரோப்பாவின் தலைசிறந்த தளபதிகளில் ஒருவராக உயர்ந்தவர். 1716 ஆகஸ்ட் 5 அன்று பெத்ரோவரதீனில் அவர் துருக்கியப் படையை முறியடித்தார். சுல்தானின் தலைமை அமைச்சரான தலைமை வசீர் தமாத் அலி பாஷா களத்திலேயே மாண்டார். அதே ஆண்டு இலையுதிர்காலத்தில் தெமஷ்வார் கோட்டையும் விழுந்தது.

அடுத்த கோடையில் யூஜின் டான்யூபைக் கடந்து பெல்கிரேடை முற்றுகையிட்டார். ஆனால் நகரைச் சூழ்ந்து நின்ற அவரையே பின்னாலிருந்து வந்த பெரிய துருக்கிய மீட்புப் படை சூழ்ந்துகொண்டது. முன்னே கோட்டையின் பீரங்கிகள், பின்னே வசீரின் பீரங்கிகள், முகாமுக்குள் பரவிக்கொண்டிருந்த வயிற்றுக்கடுப்பு. ஆகஸ்ட் 14 அன்று ஆஸ்திரியக் குண்டு ஒன்று கோட்டையின் வெடிமருந்துக் கிடங்கில் விழுந்து, உள்ளே இருந்தவர்களில் பெரும் எண்ணிக்கையினரைக் கொன்றது. ஆகஸ்ட் 16 விடியற்காலை, அடர்ந்த பனிமூட்டத்தில் யூஜின் தம் படையைக் கிளப்பி மீட்புப் படைமேல் பாய்ந்தார். பனி விலகியபோது போரின் முடிவு தெளிவாகிவிட்டது. ஓரிரு நாளில் கோட்டை சரணடைந்தது. காவற்படையும் நகரின் முஸ்லிம் குடும்பங்களும் வெளியேற அனுமதிக்கப்பட்டார்கள்.

சமாதானப் பேச்சு பெல்கிரேடுக்குத் தென்கிழக்கே உள்ள பொஜரெவாட்ஸ் ஊரில் நடந்தது. ஜெர்மானியர்கள் அதைப் பஸ்ஸரோவிட்ஸ் என்றார்கள். பிரிட்டனும் நெதர்லாந்தும் நடுவர்கள். 1718 ஜூலை 21 அன்று கையெழுத்தான உடன்படிக்கையின் அடிப்படை விதி எளிமையானது: யார் கையில் எது இருக்கிறதோ அது அவருக்கே. இதன்படி பனாட், செர்பியாவின் வடபகுதி, ருமேனிய நிலமான ஒல்தேனியா, பொஸ்னியாவின் வடக்கு விளிம்பு ஆகியவை ஆஸ்திரியாவுக்கு வந்தன. ஒரு வாரத்துக்குள் வணிக உடன்படிக்கை ஒன்றும் கையெழுத்தானது. பெல்கிரேடு, ஸ்மெதெரெவோ, பொஜரெவாட்ஸ், ஷபாட்ஸ், வால்யெவோ, கிராகுயெவாட்ஸ் ஆகிய ஊர்கள் புதிய செர்பிய மாகாணத்துக்குள் வந்தன. தெற்கே நிஷ் நகரமும் அதற்கப்பால் கொசோவோவும் துருக்கியரிடமே தொடர்ந்தன. செர்பியத் திருச்சபையின் பழைய தலைமையிடமான பெச் மடமும் எல்லைக்கு அந்தப் பக்கம்தான். செர்பியர் வாழ்ந்த நிலம் இரண்டாகப் பிளந்தது.

யார் ஆண்டார்கள்?

ஹங்கேரியப் பிரபுக்கள் இந்த நிலம் தங்கள் முடிக்குரியது என்று உரிமை கோரினார்கள். வியன்னா விடவில்லை. புதிதாக வென்ற நிலங்கள் பேரரசரின் நேரடிச் சொத்து என்று முடிவுசெய்து, அவற்றை இரண்டு மைய அமைப்புகளின் கையில் ஒப்படைத்தது. ஒன்று அரசவைப் போர்க்குழு. படை, கோட்டை, எல்லைக் காவல் அதன் பொறுப்பு. மற்றொன்று அரசவைக் கருவூலம்; வரி, சுங்கம், நிலம் அதன் பொறுப்பு. இரண்டும் சேர்ந்து ஒரு கூட்டுக் குழு வைத்துக்கொண்டன. ஒரு மாகாணத்தைப் போர்க்குழுவும் கருவூலமும் ஆள்கின்றன என்றால், அந்த மாகாணத்திடமிருந்து பேரரசு எதை எதிர்பார்த்தது என்பதை அதற்குமேல் விளக்க வேண்டியதில்லை. வியன்னாவுக்குத் தெற்கே ஒரு வேலி வேண்டும். அந்த வேலி தன் செலவைத் தானே ஈட்டிக்கொள்ளவும் வேண்டும். மாகாணத்தின் தோல்வி முழுவதும் இந்த முதல் முடிவிலேயே தொடங்கிவிட்டது என்பது என் கருத்து.

1720 முதல் 1733 வரை ஆளுநராக இருந்தவர் வூர்ட்டம்பர்க் இளவரசர் கார்ல் அலெக்சாண்டர். யூஜினின் கீழ் போரிட்ட தளபதி. புரொட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்து கத்தோலிக்கத்துக்கு மாறியவர். 1733இல் தம் சொந்த நாட்டின் கோமகனாகிப் போனார். பெல்கிரேடு ஆஸ்திரியரிடம் இருந்த காலத்தின் பெரும்பகுதி அவருடைய நிர்வாகத்தில் கழிந்தது.

கீழ்மட்டத்தில் ஆட்சியின் முகம் வேறு. கிராமத்துக்கு ஒரு 'க்னெஸ்' உண்டு. ஊர்த்தலைவர் என்று வைத்துக்கொள்ளலாம். பல கிராமங்களுக்குச் சேர்த்து ஒரு 'ஓபர்க்னெஸ்' உண்டு. இவர்கள் செர்பியர்கள். வரி திரட்டுவது, ஆள் அனுப்புவது, சிறு வழக்குகளைத் தீர்ப்பது எல்லாம் இவர்கள் வழியாகவே நடந்தன. அவர்களுக்கு மேலே மாவட்டத்தில் கருவூலத்தின் ஜெர்மன் அதிகாரி இருப்பார். மொழி தெரியாத அந்த அதிகாரிக்கு ஊரின் கண்ணும் காதும் க்னெஸ்தான்.

எல்லையோரத்தில் 'ஹைதுக்' எனப்பட்ட ஆயுதம் தாங்கிய குடிகளைக் கொண்டு உள்ளூர்க் காவற்படை ஒன்றை அமைத்தார்கள். துருக்கியர் காலத்தில் மலைக்காடுகளில் வழிப்பறியும் எதிர்ப்புமாகத் திரிந்தவர்களுக்கு இருந்த பெயர் இப்போது பேரரசின் எல்லைக் காவலருக்கு வந்தது. அவர்கள் நிலம் உழுதார்கள், எல்லையைக் காத்தார்கள், அழைத்தபோது போருக்குப் போனார்கள். தளபதிகளும் செர்பியர்களே. கிராகுயெவாட்ஸில் இருந்த ஸ்தானிஷா மார்கோவிச் ம்லாதிஷுமா அவர்களில் பெயர்பெற்றவர். தங்கள் சொந்தத் தலைவர்களின் கீழ் ஆயுதம் தாங்கிய செர்பியப் படை ஒன்று சட்டப்படி இருந்தது என்பது இந்த 21 ஆண்டுகளின் மிக முக்கியமான விளைவுகளில் ஒன்று.

கல்லில் எழுந்த பெல்கிரேடு

மாகாணத்துக்கு வந்த பணமும் உழைப்பும் எங்கே போயின என்று கேட்டால், பெல்கிரேடின் கோட்டைச் சுவரைக் காட்டலாம். சுவிட்சர்லாந்தின் இவெர்தோன் ஊரில் பிறந்த நிக்கோலா தொக்சா என்ற இராணுவப் பொறியாளரிடம் இந்தப் பணி ஒப்படைக்கப்பட்டது. சாவா டான்யூபோடு கலக்கும் இடத்தின் மேட்டில் இருந்த பழைய கோட்டையைச் சுற்றி அவர் கொத்தளங்களும் அகழிகளும் எழுப்பினார். நகரையும் சேர்த்து வளைத்து ஒரு காவல் வளையம் அமைத்தார். அக்காலத்தின் நவீனக் கோட்டைக் கலை என்றால் உயரமான சுவர் அல்ல. பீரங்கிக் குண்டை உள்வாங்கும் தடித்த மண்சரிவும், எந்தப் பக்கத்திலிருந்து எதிரி வந்தாலும் பக்கவாட்டிலிருந்து சுடுவதற்கு ஏற்ற முக்கோண முனைகளும்தான். அந்த முறையில் எழுந்த பெல்கிரேடு ஐரோப்பாவின் வலுவான கோட்டைகளில் ஒன்றாக எண்ணப்பட்டது.

கோட்டைக்குள் முற்றுகைக் காலத்துக்காக ஏறத்தாழ 60 மீட்டர் ஆழத்துக்கு ஒரு கிணறு தோண்டினார்கள். இன்றும் அது இருக்கிறது. பாறையைக் குடைந்து பெரிய வெடிமருந்துக் கிடங்கு ஒன்றும் கட்டினார்கள்; 1717இல் ஒரே குண்டு என்ன செய்தது என்பதை நேரில் பார்த்தவர்கள் அல்லவா. 1736இல் பேரரசரின் பெயரால் ஒரு வாயில் எழுந்தது. அதுவும் நிற்கிறது.

நகரம் இரண்டாகப் பிரிந்தது. டான்யூப் பக்கச் சரிவில் ஜெர்மானியர் நகரம்: நேரான தெருக்கள், படைமனைகள், துறவியர் இல்லங்கள், ரைன் பகுதியிலிருந்தும் பிற ஜெர்மன் நாடுகளிலிருந்தும் வந்து குடியேறிய கைவினைஞர்களும் வணிகர்களும். சாவா பக்கத்தில் செர்பியர் நகரம். நகரின் பேராயரும் செர்பிய வணிகர்களும் அங்கே இருந்தார்கள். ஜெர்மானியர் நகரத்தில் குடியிருக்கச் செர்பியர்களுக்குப் பொதுவாக இடம் இல்லை. விடுவிக்கப்பட்டவர்கள் என்று சொல்லப்பட்டவர்களுக்குத் தங்கள் நாட்டின் முதல் நகரத்திலேயே ஒதுக்குப்புறம்தான் கிடைத்தது.

பள்ளிவாசல்கள் பல கத்தோலிக்கத் துறவியர் சபைகளிடம் போயின, சில கிடங்குகளாயின. 1570களில் கட்டப்பட்ட பைராக்லி பள்ளிவாசல் இந்த ஆண்டுகளில் கத்தோலிக்கத் தேவாலயமாக இருந்து, 1739க்குப் பிறகு மீண்டும் பள்ளிவாசலானது. பெல்கிரேடில் இன்று எஞ்சியிருக்கும் ஒரே பள்ளிவாசல் அதுதான்.

ஒரு கிராமத்தில் நடந்தது

இந்த மாகாணத்தைப் பற்றி எதுவும் கேள்விப்படாதவர்களும் அங்கிருந்து கிளம்பிய ஒரு சொல்லை அறிவார்கள்: வாம்பயர். இரத்தம் குடிக்கும் பிணம் பற்றிய நம்பிக்கை பால்கனில் பழையது. அது ஐரோப்பா முழுவதும் பரவக் காரணமாக இருந்தவை இந்த மாகாணத்தின் அலுவலக அறிக்கைகள். இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். ஏனென்றால் ஆட்சி ஒரு கிராமத்தைத் தொட்ட விதம் இங்கேதான் நேரடியாகத் தெரிகிறது.

1725இல் டான்யூப் கரையோரக் கிராமமான கிசில்யெவோவில் பெதார் பிளகோயெவிச் என்பவர் இறந்தார். அடக்கம் நடந்து சுமார் பத்து வாரங்களில், எட்டே நாட்களுக்குள் ஒன்பது பேர் அடுத்தடுத்துச் செத்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு நாள் நோயில் கிடந்து இறந்தவர்கள். பிளகோயெவிச் உறக்கத்தில் வந்து தங்கள்மேல் படுத்துக் கழுத்தை நெரித்தார் என்று சாகும்போது அவர்கள் சொன்னதாக ஊரில் பேச்சு. அவர் தன்னிடம் வந்து காலணியைக் கேட்டார் என்று சொல்லிவிட்டு அவருடைய மனைவி ஊரைவிட்டே போய்விட்டார். கல்லறையைத் திறந்து பார்க்க வேண்டும் என்று ஊரார் மாவட்டக் கருவூல அதிகாரி ஃப்ரோம்பால்டிடம் வந்து நின்றார்கள்.

அதிகாரி, பெல்கிரேடு நிர்வாகத்தின் அனுமதி பெற வேண்டும் என்றார். ஊரார் கேட்கவில்லை. அனுமதி வருவதற்குள் ஊரே அழிந்துவிடும். துருக்கியர் காலத்தில் அப்படி ஓர் ஊர் அழிந்திருக்கிறது. நீங்கள் வராவிட்டால் நாங்கள் வீடு வாசலை விட்டுக் கிளம்பிவிடுவோம் என்றார்கள். அதிகாரியின் கையை முறுக்கியது இந்தக் கடைசி வாக்கியம்தான். தொடர் போர்களில் மக்கள் தொகை வற்றிப்போன நாடு அது. காலி நிலம் ஏராளம், உழ ஆள் இல்லை. ஒரு கிராமம் கிளம்பினால் அந்தக் கிராமத்தின் வரியும் கிளம்பிவிடும். ஃப்ரோம்பால்ட், பாதிரியாரை அழைத்துக்கொண்டு போனார்.

உடல் கெடாமல் இருந்தது, முடியும் நகமும் வளர்ந்தாற்போல் இருந்தன, வாயில் புதிய இரத்தம் தெரிந்தது என்று அவர் எழுதுகிறார். ஊரார் கூர்மையான மரக்கட்டையை நெஞ்சில் இறக்கி, உடலை எரித்தார்கள். இதில் தவறு ஏதும் இருந்தால் அது தன்னைச் சேராது, பயத்தில் நிலை தவறிய கூட்டத்தையே சேரும் என்று மேலிடத்துக்கு வேண்டிக்கொண்டு அறிக்கையை முடிக்கிறார். 1725 ஜூலையில் வியன்னாவின் செய்தித்தாள் அதை அச்சிட்டது.

ஆறேழு ஆண்டுகள் கழித்து, எல்லையோர ஹைதுக்குகள் வாழ்ந்த மெத்வெஜா கிராமத்தில் இதைவிடப் பெரிய பீதி கிளம்பியது. அங்கே முன்பே இறந்துபோன அர்னோல்ட் பாவ்லே என்ற ஹைதுக்கோடு அதை இணைத்துப் பேசினார்கள். துருக்கிய எல்லைக்குள் இருந்த காலத்தில் ஒரு வாம்பயர் தம்மைத் தொல்லை செய்ததாகவும், அதிலிருந்து தப்ப அதன் கல்லறை மண்ணைத் தின்றதாகவும் உயிரோடு இருந்தபோது அவரே சொல்லியிருந்தாராம். இம்முறை பெல்கிரேடிலிருந்து இராணுவ மருத்துவர் யோஹான் ஃப்ளூக்கிங்கர் அனுப்பப்பட்டார். 1732 ஜனவரியில் அவர் பல கல்லறைகளைத் திறந்து, ஒவ்வோர் உடலையும் அறுத்துப் பார்த்து, உறுப்புகளின் நிலையைக் குறித்து, இராணுவ அதிகாரிகளின் கையொப்பத்தோடு அறிக்கை தந்தார். தொனியில் அது ஒரு பிணப் பரிசோதனைச் சான்றிதழ். அதனால்தான் படித்தவர்கள் அதிர்ந்தார்கள். அந்த ஆண்டே ஜெர்மன் பல்கலைக்கழகங்களில் இதைப் பற்றிய நூல்கள் வரிசையாக வந்தன; ஆங்கிலப் பத்திரிகைகளும் அறிக்கையை மொழிபெயர்த்து வெளியிட்டன.

குளிர்ந்த மண்ணில் உடல் மெதுவாகவே அழுகும். வயிற்றில் உண்டாகும் வாயுவின் அழுத்தத்தால் கறுத்த திரவம் வாய்வழியே கசியும். தோல் சுருங்கும்போது நகம் நீண்டதுபோல் தோன்றும். இன்று இவற்றை மருத்துவ மாணவர் எவரும் சொல்வார். அந்த ஊர்களைத் தாக்கியது பெரும்பாலும் ஏதோ ஒரு தொற்றுநோய். இந்த அறிக்கைகளைப் படிக்கும்போது ஊராரின் அறியாமை எனக்குப் பெரிதாகத் தோன்றுவதில்லை. மருத்துவர் எட்டாத, பாதிரியாருக்கும் விடை தெரியாத கிராமங்கள் அவை. குழந்தைகள் மடிந்துகொண்டிருந்தபோது அந்த மக்களிடம் இருந்த ஒரே ஆயுதம், ஊரைவிட்டுப் போய்விடுவோம் என்ற சொல். அதை அவர்கள் சரியான இடத்தில் பயன்படுத்தினார்கள்.

செர்பியர்களுக்குக் கிடைத்ததும் கிடைக்காததும்

வரி பணமாகக் கேட்கப்பட்டது. அதோடு கோட்டை வேலைக்கும் சாலை வேலைக்கும் ஆளும் வண்டியும் மாடும் தர வேண்டும். படைகள் தங்கினால் சோறு போட வேண்டும். அதிகாரிகளின் சுரண்டல் பற்றிய முறையீடுகள் வியன்னாவுக்குப் போய்க்கொண்டே இருந்தன. வெறுத்துப்போய் எல்லை தாண்டித் துருக்கிய ஆட்சிப் பகுதிக்கே திரும்பியவர்களும் உண்டு.

சமயத்தில் நெருக்கடி வேறு வகையானது. யாரையும் வாள்முனையில் மதம் மாற்றவில்லை. ஆனால் 1690இன் சலுகைகள் ஹங்கேரியில் குடியேறிய செர்பியர்களுக்கானவை, புதிய மாகாணத்தாருக்கு அப்படியே பொருந்தாது என்பது வியன்னாவின் நிலைப்பாடு. பெல்கிரேடுக்கு ஒரு பேராயர், பழைய எல்லைக்குள் கார்லோவ்ட்ஸிக்கு (1699 உடன்படிக்கை நடந்த அதே கார்லோவிட்ஸ்) ஒரு பேராயர் என்று இரண்டு தனித் தலைமைகளாகத் திருச்சபை இருப்பதே வியன்னாவுக்கு வசதி. செர்பியர்கள் இதை உணர்ந்திருந்தார்கள். பெல்கிரேடின் பேராயர் மோய்சியே பெத்ரோவிச்சையே 1726இல் கார்லோவ்ட்ஸிக்கும் தலைவராகத் தேர்ந்தெடுத்து இரண்டையும் ஒன்றாக்கினார்கள். வியன்னா தயங்கித் தயங்கித்தான் ஏற்றது. சொந்த அரசு இல்லாத ஒரு மக்களுக்குத் திருச்சபையே நாடாளுமன்றம், நீதிமன்றம், கல்வித்துறை எல்லாம். அதைப் பிளவுபடாமல் காத்ததில் மோய்சியேயின் பங்கு மிகப் பெரியது.

கல்வியிலும் அவரே முன்னின்றார். கத்தோலிக்கத் துறவியர் நடத்தும் பள்ளிகளுக்கு எதிராகத் தம் மக்களுக்கு ஒரு பள்ளி வேண்டும் என்று ரஷ்யாவின் மாமன்னர் பீட்டருக்கு எழுதினார். அதன் பயனாக 1726இல் மக்சீம் சுவோரோவ் என்ற ரஷ்ய ஆசிரியர், அரிச்சுவடிகளும் இலக்கண நூல்களும் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். கார்லோவ்ட்ஸியிலும் பெல்கிரேடிலும் வகுப்புகள் நடந்தன. அந்தப் புத்தகங்கள் வழியாக ரஷ்யத் திருச்சபையின் ஸ்லாவோனிய மொழிநடை செர்பியரின் வழிபாட்டிலும் எழுத்திலும் குடியேறியது. 19ஆம் நூற்றாண்டில் மொழிச் சீர்திருத்தவாதி வூக் கராஜிச் மக்கள் பேசும் மொழியையே எழுத வேண்டும் என்று போராடியபோது எதிர்த்து நின்றது அந்த நடையின் வாரிசுதான். சொந்தமாக அச்சகம் வைக்கவும் செர்பியர்கள் கேட்டுப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை, 1770இல்தான் வியன்னாவில் ஒரு ஜெர்மன் அச்சகத்தாருக்குச் செர்பிய நூல்களை அச்சிடும் உரிமை தரப்பட்டது.

எப்படி இழந்தார்கள்?

ஆறாம் சார்லஸுக்கு மகன் இல்லை. மகள் மரியா தெரசாவின் வாரிசுரிமையை ஐரோப்பிய அரசுகள் ஏற்க வேண்டும் என்பதே அவருடைய ஆட்சியின் ஒரே கவலையாகிப்போனது. அதற்காக எதையும் விட்டுக்கொடுத்தார். 1722இல் அவர் உரிமம் கொடுத்த ஆஸ்டெண்ட் கம்பெனிக்கு நம் சென்னைக்குத் தெற்கே கோவளத்தில்கூட ஒரு பண்டகசாலை இருந்தது. தம் மகளின் உரிமையைப் பிரிட்டன் ஏற்பதற்கு விலையாக 1731இல் அந்தக் கம்பெனியையே மூடினார். 1733இல் தொடங்கிய போலந்து வாரிசுரிமைப் போரில் கருவூலம் காலியானது. நேப்பிள்ஸும் சிசிலியும் கைநழுவின. 1736 ஏப்ரலில் யூஜினும் இறந்தார்.

இந்த நிலையில், ரஷ்யாவோடு செய்துகொண்ட கூட்டணியின்படி 1737இல் துருக்கியரோடு மீண்டும் போர். முதலில் ஆஸ்திரியர் நிஷைப் பிடித்தார்கள். செர்பியக் காவற்படைகள் உற்சாகமாக எழுந்தன. எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்த பிதாமகர் நான்காம் ஆர்செனியேயும் ஆஸ்திரியா பக்கம் வந்தார். சில மாதங்களிலேயே துருக்கியர் திருப்பித் தாக்கினார்கள். நிஷில் அப்போது காவற்படைத் தலைவராக இருந்தவர், பெல்கிரேடின் கோட்டையைக் கட்டிய அதே தொக்சா. முற்றுகையைத் தாக்குப்பிடிக்கும் வசதி இல்லை என்று கண்டு, தம் ஆட்கள் உயிரோடு வெளியேறும் நிபந்தனையில் அக்டோபரில் நகரை ஒப்படைத்தார். இராணுவ நீதிமன்றம் அவருக்கு மரண தண்டனை விதித்தது. 1738 மார்ச் 20 அன்று, தாம் எழுப்பிய கோட்டையின் அருகிலேயே அவர் தலை வெட்டப்பட்டது. திட்டமிடாமல் போரைத் தொடங்கியவர்களின் குற்றத்துக்கு ஒரு பொறியாளரின் தலை விலையானது என்றே நான் நினைக்கிறேன்.

1739 ஜூலை 22 அன்று பெல்கிரேடுக்குக் கிழக்கே உள்ள க்ரோட்ஸ்காவில் ஆளுநர் வாலிஸின் படை, துருக்கியரின் முழு வலிமையையும் கணிக்காமல் போய் மாட்டிக்கொண்டு பலத்த அடி வாங்கியது. துருக்கியர் பெல்கிரேடைச் சூழ்ந்தார்கள். கோட்டை இன்னும் உறுதியாகவே இருந்தது. ஆனாலும் பேச்சுவார்த்தைக்குப் போன தளபதி நைப்பெர்க், துருக்கிய முகாமிலேயே இருந்துகொண்டு, வெளியே என்ன நடக்கிறது என்று அறியாமல், நகரையே கொடுத்துவிட ஒப்புக்கொண்டார். பிரெஞ்சுத் தூதர் வில்நெவ் நடுவர். ஆஸ்திரியா பலவீனமடைவது பிரான்ஸுக்கு நன்மை. அதே நாட்களில் வடக்கே ரஷ்யர்கள் துருக்கியரைத் தோற்கடித்து ஹோத்தின் கோட்டையைப் பிடித்திருந்தார்கள். அந்தச் செய்தி வந்தபோது காரியம் கைமீறிவிட்டது. 1739 செப்டம்பர் 18 அன்று பெல்கிரேடு உடன்படிக்கை கையெழுத்தானது. பனாட் தவிர 1718இல் கிடைத்தவை எல்லாம் ஏறக்குறையத் திரும்பிப் போயின. வாலிஸும் நைப்பெர்க்கும் சிறையில் அடைக்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டு பேரரசர் இறந்த பின்பே விடுதலையானார்கள்.

உடன்படிக்கையில் ஒரு நிபந்தனை இருந்தது: தாங்கள் புதிதாகக் கட்டிய அரண்களை ஆஸ்திரியர்களே இடித்துக் கொடுக்க வேண்டும். செர்பியக் குடியானவரின் உழைப்பில் எழுந்த கொத்தளங்களை மாதக்கணக்கில் வெடிவைத்துத் தகர்த்தார்கள். ஜெர்மானியர் நகரம் கலைந்தது. அதிலிருந்து தப்பி நிற்பது 1720களில் கட்டிய ஒரே ஒரு வீடு. இன்றைய துஷான் பேரரசர் தெருவில், 10ஆம் எண்ணில். பெல்கிரேடின் மிகப் பழைய வீடு என்று அதைக் காட்டுகிறார்கள்.

பிறகு

ஆயிரக்கணக்கான செர்பியர்கள் மறுபடியும் ஆறுகளைக் கடந்தார்கள். பிதாமகர் ஆர்செனியே கார்லோவ்ட்ஸியில் அமர்ந்தார். ஸ்தானிஷா போன்றோரின் கீழ் போரிட்ட காவற்படையினர் ஆஸ்திரியாவின் இராணுவ எல்லைப் பகுதியில் குடியமர்த்தப்பட்டார்கள். சாவாவும் டான்யூபும் இரண்டு பேரரசுகளுக்கு எல்லைக்கோடாயின. பெல்கிரேடுக்கு நேரெதிரே உள்ள ஸெமுன், தொற்றுநோய்த் தடுப்பு நிலையமும் சுங்கமும் கொண்ட எல்லை நகரமாக வளர்ந்தது. எதிர்க்கரையில் துருக்கிய ஆட்சி திரும்பினாலும், க்னெஸ் என்ற ஊர்த்தலைமை மறையவில்லை. ஆட்சியாளருக்கும் ஊருக்கும் நடுவே நின்று பேரம் பேசத் தெரிந்த ஒரு தலைமை வரிசை அங்கே தொடர்ந்தது.

1789இல் ஆஸ்திரியர் பெல்கிரேடை மூன்றாம் முறையாகப் பிடித்தார்கள். அப்போதும் செர்பியத் தன்னார்வப் படைகள் அவர்களோடு சேர்ந்து போரிட்டன. 1791இல் ஸிஸ்தோவா உடன்படிக்கையில் வியன்னா நகரை மீண்டும் திருப்பிக் கொடுத்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் இது மூன்றாவது இழப்பு. அடுத்த முறை வியன்னாவின் படைக்காக யாரும் காத்திருக்கவில்லை. 1804 பிப்ரவரியில் ஒராஷாட்ஸ் கிராமத்தில் கூடி எழுச்சியைத் தொடங்கியவர்களில் பலர், ஆஸ்திரியத் தன்னார்வப் படையில் போர் பழகியவர்கள். அவர்கள் தலைவராகத் தேர்ந்தெடுத்த கராஜோர்ஜேயும் அப்படிப்பட்டவர்தான்.